கடலுக்கு ஒரு சீசன், மலைப்பாதைக்கு வேறொரு சீசன்

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். எனக்கு வயது 67, அவருக்கு 64. ஹட்டனில் இருக்கிறோம். சிறிய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வைத்திருக்கிறோம். கதிர்காமம் வரை பலமுறை போயிருக்கிறோம். அதற்கப்பால் அம்பாந்தோட்டை, தங்காலை, மாத்தறை, காலி என்று கரையோரமாகப் போனதே இல்லை. வரலாறு படிப்பித்த மனைவிக்குக் காலிக் கோட்டையை ஒருமுறை கண்ணால் பார்க்கவேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஓகஸ்டிலோ செப்டெம்பரிலோ போகலாம் என்றால், கொழும்பில் இருக்கும் மகள் தடுக்கிறாள். அது சீசன் இல்லாத காலம், மழை, கடல் கொந்தளிப்பு, பாதிக் கடை பூட்டியிருக்கும், டிசெம்பரில் போங்கள் என்கிறாள். டிசெம்பர் வாடகை எங்கள் ஓய்வூதியத்துக்குக் கட்டுப்படியாகாது. எனக்கு நீரிழிவு, அவருக்கு முழங்கால் வலி. காரை நானே ஓட்டலாமா, வேன் பிடிப்பதா? எத்தனை நாள் வேண்டும்? ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா என்று மனைவி கேட்கச் சொல்கிறார்.

பதில்:

மதிப்புக்குரிய ஐயா,

டீச்சருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மகள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஓகஸ்ட், செப்டெம்பரில் காலிப் பக்கம் மழை உண்டு, கடல் கொந்தளிக்கும், கரையோரக் கடைகளில் சில பூட்டித்தான் கிடக்கும். இருந்தாலும் செப்டெம்பரிலேயே புறப்படுங்கள் என்றுதான் சொல்வேன். வாடகைக்காக மட்டும் சொல்லவில்லை.

சீசன் என்று விடுதிக்காரர்கள் போட்டுவைத்திருக்கும் கணக்கு, கட்டுநாயக்கவில் இறங்கி, அதிவேக நெடுஞ்சாலையில் ஏறி, நேரே கடலில் போய் விழுகிறவர்களுக்காகப் போட்ட கணக்கு. அவர்களுக்குக் கடல் அமைதியாக இருந்தால் போதும். நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை தென்கரைக் கடல் அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் ஹட்டனிலிருந்து இறங்கிப் போகவேண்டியவர்கள். கடலில் நீந்தப்போவதும் இல்லை. உங்களுக்கு முதலில் பார்க்கவேண்டியது வீதி.

தென்கரைக்கு மலையிலிருந்து இறங்கும் வீதி ஊவா வழியாகப் போகிறது. ஊவாவை நனைப்பது ஒக்டோபரில் தொடங்கும் இடைப்பருவ மழையும், அதன் பின்னால் வரும் வடகீழ்ப் பருவக்காற்றும். கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்ட லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. டித்வா சூறாவளி பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகளைச் சரித்து வீதிகளை அறுத்துப்போட்டது 2025 நவம்பர் கடைசியில். ஆண்டின் அந்தப் பகுதியில் எல்ல, கொஸ்லந்தைச் சரிவுகளில் இறங்கிப் பயணம் போகும்படி உங்கள் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லமாட்டேன். மகள் சொல்லும் டிசெம்பரில் கடல் நன்றாக இருக்கும். அங்கே போய்ச் சேரும் வழிதான் நன்றாக இருக்காது. கொழும்பில் இருப்பவர்களுக்கு இது உடனே மனதில் வராது. அவர்கள் தென்கரைக்குப் போக ஒரு மலையும் ஏறி இறங்கவேண்டியதில்லை.

தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் நிலைமை தலைகீழ். வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் எப்படிக் கொட்டும் என்று ஹட்டன்காரரான உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? ஆனால் அதே காற்று தன் மழையை நம் பக்கத்து மலைகளிலேயே இறக்கிவிட்டு, ஹக்கலையைத் தாண்டும்போது வெறும் காற்றாகிவிடுகிறது. தலவாக்கலையில் வைப்பரைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் வெலிமடையில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவார்கள். பத்தனைப் புல் காய்ந்து வைக்கோல் நிறமாக நிற்கும். பண்டாரவளை, எல்ல, வெல்லவாய வீதி ஆண்டிலேயே அதிகம் காய்ந்திருப்பது ஜூன் முதல் செப்டெம்பர் வரையில்தான்.

கரையும் ஒரே கரை அல்ல. தென்கரை முழுவதும் மழை என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அது மாத்தறைக்கு மேற்கே உள்ளவர்கள் பேச்சு. ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் காலியில் பெய்யும் மழை அம்பாந்தோட்டையில் பெய்வதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். தங்காலையைத் தாண்டிக் கிழக்கே போகப் போக முட்புதரும் உப்பளமும் உள்ள வரண்ட நாடு. நடு ஆண்டில் அங்கே வெயிலும் காற்றும்தான். ஆகவே உங்கள் பயணத்தின் முதல் பாதி உலர்ந்த கரையில், மழை மாட்டினால் அது காலியில். காலியில் மழை பெய்தாலும் ஒதுங்க இடம் இருக்கிறது, பார்க்கவும் விஷயம் இருக்கிறது.

எந்த வாரம் என்று கேட்டால், செப்டெம்பரின் முதல் மூன்று வாரங்கள். மே, ஜூனில் பருவக்காற்று தொடங்கும்போது களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் வெள்ளம் வருவது வழக்கம். 2017 மே மாதத்து வெள்ளத்தையும் மண்சரிவையும் மறந்திருக்கமாட்டீர்கள். போதாததற்கு வெசாக், பொசன் நாட்களில் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சல் கூட்டம். ஜூலை, ஓகஸ்டில் கதிர்காமத் திருவிழா வந்துவிடும். கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை திஸ்ஸமகாராமையில் அறை கிடைப்பது பெரும்பாடு, கிடைத்தாலும் விலை சீசன் விலை. ஓகஸ்டில் பாடசாலை விடுமுறை வேறு. சீசன் இல்லாத காலம் என்பது வெளிநாட்டவர் இல்லாத காலம் மட்டுமே. நம்மவர் கூட்டம் வேறொரு நாட்காட்டியைப் பார்த்துத்தான் கிளம்பும். செப்டெம்பரில் இந்த இரண்டு கூட்டமும் இல்லை. பௌர்ணமிப் போயா நாளையும் நீண்ட வார இறுதியையும் மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். ஒக்டோபருக்குத் தள்ளிப்போடவேண்டாம்.

இனி வண்டி. ஹட்டனுக்குள்ளும் நுவரெலியாவரையும் ஓட்டிப் பழகியவர் என்று நினைக்கிறேன். தட்டையான கரையோர வீதியில் நீங்களே ஓட்டுங்கள், ஒன்றும் குறையாது. ஆனால் இறங்கும் நாளுக்கு மட்டும், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சாரதி ஒருவரை அழைத்துப்போங்கள். வெல்லவாயவில் மதியச் சாப்பாட்டை வாங்கிக்கொடுத்து, கூலியையும் கொடுத்து, பண்டாரவளைப் பக்கம் ஏறும் பஸ்ஸில் அனுப்பிவிடலாம். பத்து நாளுக்கு வேனும் சாரதியும் பிடித்தால் அவருடைய சாப்பாடு, படுக்கை, அவர் எப்போது புறப்படலாம் என்று பார்க்கும் முகம் எல்லாம் உங்கள் தலையில். ஓய்வுபெற்ற பிறகும் மணியடித்து எழும்ப வேண்டுமா?

எல்ல ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய 200 மீற்றருக்குக் கிட்டத்தட்ட. இடையில் 30 கிலோமீற்றர்கூட இல்லை. அந்தத் தூரத்துக்குள் அவ்வளவு உயரம் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் போய்விடும். 2025 செப்டெம்பரில் இந்த வீதியில் இரவு நேரத்தில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து பதினைந்து பேர் இறந்ததை வாசித்திருப்பீர்கள். ஆட்டோமேட்டிக் கார்க்காரர்கள் செய்யும் தவறு, ‘டி’யில் போட்டபடியே பிரேக்கை மிதித்துக்கொண்டு இறங்குவது. ‘எல்’ என்றோ ‘2’ என்றோ கீழ் கியர் இருக்கும். சரிவு தொடங்கும் முன்னரே அதற்கு மாற்றிவிட வேண்டும். என்ஜின் சத்தம் கூடும், பயப்படவேண்டாம், அது தன் வேலையைச் செய்கிறது. கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக்கூடாது. சாரதி பையன் ஓட்டினாலும் இதை நீங்கள் கவனிக்கவேண்டும். பையன்களுக்குப் பின்னால் வரும் பஸ்ஸுக்கு வழிவிட மனம் வராது. புறப்படும் முன் பிரேக் பாட், பிரேக் எண்ணெய், டயர், வைப்பர் ரப்பர் ஆகிய நான்கையும் கராஜில் காட்டுங்கள்.

ஹட்டனிலிருந்து திஸ்ஸமகாராமை ஏறத்தாழ 200 கிலோமீற்றர். காலை ஆறரைக்குப் புறப்பட்டால், நின்று நின்று போனாலும் மாலை மூன்று, மூன்றரைக்குள் சேர்ந்துவிடலாம். அதற்குமேல் இழுக்கவிடாதீர்கள். தனமல்வில, லுணுகம்வெஹெரப் பக்கத்தில் பொழுது சாயும்போது யானை வீதிக்கு வரும். இன்னொன்று: கதிர்காமத்துக்கு புத்தல வழியாகக் குறுக்கு வீதி இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள், தொலைபேசி வரைபடமும் அதையே காட்டும். அந்த வீதியில் யானைகள் வாகனத்தை மறித்துச் சாப்பாடு கேட்கப் பழகிவிட்டன. சிறிய காரில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பெரிய வீதியிலேயே போங்கள். வெல்லவாயவைத் தாண்டியதும் புதுருவகலைக்குத் திரும்பும் பலகை தெரியும். ஒரே பாறையில் ஏழு உருவங்கள், நடுவில் ஐம்பது அடி உயரப் புத்தர். மகாயான பௌத்தம் இந்தத் தீவில் இருந்ததற்கு நிற்கும் சாட்சி என்பதால் டீச்சருக்குப் பிடிக்கும். படிகள் ஏறவேண்டியதில்லை, முழங்காலுக்கும் பிடிக்கும்.

திஸ்ஸமகாராமையில் இரண்டு இரவு போதும். கதிர்காமம் உங்களுக்குத் தெரிந்த இடம். திருவிழாக் கூட்டம் இல்லாத நாளில் மாலைப் பூசைக்குப் போய்ப் பாருங்கள், வேறு கோயில்போல் இருக்கும். யால வனத்தின் பிரதான பகுதியை வழக்கமாகச் செப்டெம்பரில் வரட்சிக்காகப் பூட்டுவார்கள். அதற்காகக் கவலைப்படவேண்டாம். அந்த ஜீப் குலுக்கலில் நான்கு மணி நேரம் இருந்துவிட்டு இறங்கினால் டீச்சரின் முழங்கால் மிச்சப் பயணத்தை நடத்தாது. பதிலாக ஒரு மாலை கிரிந்தைக்குப் போங்கள். பாறைமேல் இருக்கும் விகாரைக்குப் படிகள் உண்டு; ஏற முடியாவிட்டால் கீழே மீன்பிடித் துறைமுகப் பக்கம் இருந்தே பார்க்கலாம். பருவக்காற்றுக் கடல் பாறையில் மோதும் இடம் அது.

அம்பாந்தோட்டையில் தங்காதீர்கள். பெரிய வீதிகள், பெரிய கட்டடங்கள், நடக்க ஆள் இல்லை. வழியில் உப்பளங்களை நிறுத்திப் பாருங்கள். காய்ந்த காற்றில் வெள்ளையாக விளைந்து கிடக்கும். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட மலாய் மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இந்த ஊரில் இருக்கிறார்கள். பதினைந்து நிமிட நிறுத்தம், பிறகு தங்காலை.

தங்காலையில் மூன்று இரவு. இந்தப் பயணத்தின் நடுத்தூண் இதுதான், ஏனென்றால் இங்கே ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். பரவாயில்லை, செய்வதற்கும் இரண்டு இருக்கின்றன. ஒன்று, குடாவெல்லவில் ஹும்மானய: கடல் அலை பாறைப் பிளவுக்குள் புகுந்து, மேலே துளை வழியாகப் பீறிட்டு அடிக்கும். சீசனில் வருகிறவர்கள் பலமுறை ஏமாந்து திரும்புவார்கள், கடல் அமைதியாக இருந்தால் தண்ணீர் மேலே எழும்பாது. கடல் கொந்தளிக்கும் உங்கள் மாதங்களில்தான் அது உயரமாக எழும்பும். கடைகளுக்கு நடுவே கொஞ்சம் நடையும் சில படிகளும் உண்டு. இன்னொன்று ரெக்கவ கரையில் இரவில் முட்டையிட வரும் கடலாமைகள். ஏப்ரல் முதல் நடு ஆண்டு வரை அதிகம், செப்டெம்பரில் குறைவு. வந்தால் பாக்கியம், வராவிட்டால் மணலில் இரண்டு மணி நேரம் இருட்டில் காத்திருந்ததுதான் மிச்சம். முழங்காலை நினைத்து முடிவெடுங்கள். முல்கிரிகல விகாரையைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். வேண்டாம்.

கடலைப் பற்றி ஒரு சொல், இதில் எனக்குப் பேரம் கிடையாது: கடலில் இறங்காதீர்கள். முழங்கால் ஆழத்துக்கும் இறங்காதீர்கள். தென்மேல் காற்றுக் காலத்தில் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் பலமாக இருக்கும். மேலே பார்த்தால் தண்ணீர் அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் பல நேரம் இழுவை இருக்கும். நனைந்த பாறைமேல் நின்று படம் எடுப்பதும் அப்படித்தான், ஏழு அலை காலுக்கு எட்டாது, எட்டாவது அலை எட்டிவிடும். குளிக்க ஆசையாக இருந்தால் கதிர்காமத்தில் மாணிக்க கங்கை இருக்கிறதே, தண்ணீர் குறைவாக ஓடினாலும் கால் நனைக்கலாம்.

தங்காலையிலிருந்து காலிக்குப் போகும் நாள்தான் டீச்சருக்கான நாள். அதை அவசரப்படுத்தாதீர்கள். மாத்தறைக்கு முன்னால் தெவிநுவர, நம் வாய்க்குத் தேவேந்திரமுனை. இலங்கையின் தென்கோடி. 49 மீற்றர் உயர வெளிச்சவீடு தென்னைகளுக்கு நடுவே நிற்கிறது, இந்த நாட்டிலேயே உயரமானது. சுற்றுப்புறம் தட்டை நிலம். அதற்குத் தெற்கே அண்டார்டிகா வரை நிலமே இல்லை என்று பிள்ளைகளுக்குப் புவியியல் பாடத்தில் சொல்லியிருப்பீர்கள். அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்று சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் டீச்சர் பார்க்கவேண்டியது வெளிச்சவீடு அல்ல, ஊருக்குள் இருக்கும் தேவாலயம். விஷ்ணுவுக்கு உரிய இன்றைய தேவாலயம் நிற்கும் ஊரில்தான், கப்பலில் போகிறவர்களுக்குத் தங்க நகரம்போல் தெரிந்ததாகச் சொல்லப்பட்ட தென்னாவரம் பெருங்கோயில் இருந்தது. 1588இல் போர்த்துக்கேயர் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். எஞ்சிய கருங்கல் தூண்களைக் கோயில் வளவில் இன்றும் பார்க்கலாம்.

இந்த ஊரை நினைவில் வைத்துக்கொண்டு காலிக்குப் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1911இல் காலி நகரில், மதகொன்றை மூடக் கவிழ்த்துப் போட்டிருந்த கல் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நிறுத்திய கல்வெட்டு அது. அதில் உள்ள ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமியருக்கு. தமிழ்ப் பகுதி தெவிநுவரத் தெய்வத்துக்கு, ‘தேனாவரை நாயனார்’ என்று பெயர் சொல்லி. பொன்னும் வெள்ளியும் பட்டும் என்று ஏறத்தாழ ஒரே பட்டியல் மூன்று பகுதியிலும். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் தென்கரைத் துறைமுகத்துக்கு வந்த சீனன் ஒருவன் கல்லில் தமிழ் வெட்டவேண்டும் என்று நினைத்திருக்கிறான் என்றால், அந்தத் துறைமுகத்தில் அப்போது யார் வியாபாரம் செய்தார்கள் என்பதை டீச்சர் வகுப்பில் கேட்டு, பிள்ளைகள் விழித்திருப்பார்கள். அந்தக் கல்லைக் காலியில் தேடாதீர்கள். அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மகள் வீட்டுக்குப் போக இன்னொரு காரணம்.

மாத்தறையில் தேத்தண்ணீருக்கு நிறுத்துங்கள். மிரிஸ்ஸவில் உங்களுக்கு வேலை இல்லை. திமிங்கிலம் பார்க்கும் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, செப்டெம்பரில் யாராவது படகில் கூட்டிப்போகிறேன் என்றால் தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டுங்கள். கொக்கலப் பக்கம் கடலில் கம்பு நட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பவர்கள் இப்போது பெரும்பாலும் மீனுக்காக உட்காருவதில்லை, படம் எடுப்பவர்களுக்காக. பார்த்துக்கொண்டே போங்கள். வெலிகமையில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் தமிழ் பேசும் முஸ்லிம் கடைகள் உண்டு. திக்வெல்ல, வெலிகம, காலிக் கோட்டை மூன்றிலும் முஸ்லிம் மக்களில் பலர் வீட்டில் பேசுவது தமிழ். நம் பேச்சைக் கேட்டதும் எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். கேட்டால் நல்ல கடை எது என்று சொல்வார்கள், அவர்கள் கடையாக இல்லாவிட்டாலும்.

காலியில் மூன்று இரவு, கோட்டைக்கு உள்ளேயே. சீசனில் உள்ளே தங்குவது நம் பணப்பைக்கு எட்டாது; செப்டெம்பரில் சிறிய வீட்டு விடுதிகள் இறங்கிவரும். உள்ளே தங்கினால்தான் காலை ஆறு மணிக்கும் மழை விட்ட அந்த அரைமணிக்கும் மதிலுக்கு வரலாம். மதில் மேலே ஏறும் இடம் சரிவு, ஏறிவிட்டால் புல்தரை, மெதுவாக நடக்கலாம். போர்த்துக்கேயர் தொடங்கி, 1640இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்து, சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று கொத்தளங்களுக்குப் பெயர் வைத்தார்கள். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. இதெல்லாம் டீச்சர் எனக்குச் சொல்லித்தரக்கூடியவை. புத்தகத்தில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்: 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது, வெளியே பஸ் நிலையமும் புதிய நகரமும் அடித்துக்கொண்டு போக, கோட்டைக்குள் பெரும்பகுதி தப்பியது. மதிலில் ஏறி, ஒரு பக்கம் விளையாட்டு மைதானத்தையும் பஸ் நிலையத்தையும், மறுபக்கம் கோட்டைக்குள் இருக்கும் ஓட்டுக் கூரைகளையும் பார்த்தால் மதில் என்ன செய்தது என்று விளங்கும். அந்த ஆழிப்பேரலையில் ரயில் அடித்துச் செல்லப்பட்ட பெரேலிய, காலிக்கு வடக்கே ஹிக்கடுவையைத் தாண்டி இருக்கிறது. அரை நாள் இருந்தால் நினைவிடத்துக்குப் போய்வாருங்கள். கனமான இடம், போகாவிட்டாலும் குறையில்லை.

அறை பிடிக்கும்போது தொலைபேசியில் நேரடியாகப் பேசுங்கள், வாரநாளில், மதியத்துக்குப் பிறகு. உள்நாட்டவருக்கான விலை என்ன, மூன்று இரவுக்கு என்ன குறைப்பீர்கள் என்று கேளுங்கள். இந்த மாதங்களில் முதலில் சொல்லும் விலை கடைசி விலை அல்ல. அதைவிட முக்கியமான கேள்விகள் வேறு: அறை தரைமட்டத்திலா, கழிப்பறை உட்காரும் வகையா, நுளம்பு வலை இருக்கிறதா, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் இருக்கிறதா. பலர் கேட்க மறக்கும் கேள்வி, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா என்பது. சீசன் இல்லாத மாதங்களில்தான் விடுதிக்காரர்கள் சுவரை உடைப்பார்கள், தரை பதிப்பார்கள். கடலுக்கு நேர் முன்னால் உள்ள அறை வேண்டாம். இரவு முழுவதும் அலை இரைச்சல், காற்றில் கதவு அடிபடும், காலையில் கார்க் கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கும். இரண்டாவது வரிசையில் எடுங்கள், விலையும் குறையும். வீட்டுக்கு வந்ததும் காரின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

உடம்பைப் பற்றி உங்கள் டொக்டர்தான் சொல்லவேண்டும். புறப்படும் முன் ஒருமுறை போய்க் காட்டுங்கள். பயணம் நடத்துகிறவனாக எனக்குத் தெரிந்தது இவ்வளவு: ஹட்டன் குளிரில் இருந்து முப்பது பாகை வெயிலுக்கு ஒரே நாளில் இறங்கும்போது முதல் இரண்டு நாளும் உடம்பு சோர்ந்துபோகும், கால் வீங்கும், தண்ணீர் குடிக்க மறந்துவிடும். இன்சுலின் போடுகிறவர் என்றால் அதைக் காரில் வைத்துவிட்டு இறங்காதீர்கள், நிறுத்திய காருக்குள் சூடு ஏறிவிடும். வீதியோரத்தில் மண்சட்டியில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் விற்பார்கள். தயிர் உங்களுக்கு, பாணி டீச்சருக்கு. அம்பாந்தோட்டை, மாத்தறை, காலி மூன்று இடத்திலும் பெரிய அரச வைத்தியசாலைகள் உண்டு. அவசரம் என்றால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை.

திரும்பும் வழியில்தான் மகளுக்கு வேலை கொடுக்கப்போகிறோம். காலியிலிருந்து அதிவேக நெடுஞ்சாலையில் ஏறினால் அவள் வீடு இரண்டு மணி நேரத்துப் பயணம். வேகக் கட்டுப்பாடு 100. நீங்கள் இடப்பக்க ஓடுபாதையில் எண்பதில் போங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். மகள் வீட்டில் இரண்டு இரவு தங்குங்கள், அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும் வீதி செப்டெம்பரிலும் மழைப் பக்கம்தான். ஏறுவது இறங்குவதைவிடப் பிரேக்குக்கு இலகு. ஆனால் மண்சரிவுக்கு ஏற்றமும் இறக்கமும் ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டம் பிரதேசம் வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. நுவரெலியா மாவட்டத்தில் உங்கள் வழிக்கு மஞ்சள் இருந்தாலே இன்னொரு நாள் பேரப்பிள்ளைகளுடன் இருங்கள். சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்து வீதி திறந்திருக்கிறதா என்று கேட்கலாம். திகதி குறித்துக்கொண்டு அதற்காக மழையில் ஏறவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, லீவு முடிந்து பாடசாலைக்கு ஓடவேண்டியவர்கள் இல்லையே.

ஆகத் திஸ்ஸமகாராமையில் இரண்டு, தங்காலையில் மூன்று, காலியில் மூன்று, கொழும்பில் இரண்டோ மழை விடும்வரையோ. அறைகளைத் தங்காலைக்கும் காலிக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், முழுப்பணத்தையும் முதலிலேயே கட்டவேண்டாம்.

ரைஸ் குக்கர் விஷயத்தில் டீச்சர் பக்கம்தான் நான். தங்காலையில் சமையலறை உள்ள அறையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, குக்கரைக் கொண்டுபோங்கள். காலியில் கோட்டை வீடுகளில் அறைக்குள் சமைக்க விடமாட்டார்கள், அங்கே அதைக் காருக்குள்ளேயே வையுங்கள். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சிறிய படகுகள் அதிகம் போகாது, நல்ல மீன் குறைவு, விலையும் கூட. அதனால் இறங்கும் வழியில் வெலிமடைச் சந்தையில் போஞ்சி, கரட், லீக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். தங்காலையில் அதே லீக்ஸின் விலையைக் கேட்டால் டீச்சர் திரும்பவும் மலை ஏறிவிடுவார்.